தீக்காக்கை கண்ணில் படாதது ஏன்?

மேற்குத் தொடர்ச்சி மலையில் மூன்று முறை காடு சுற்றியும் தீக்காக்கையைப் பார்க்க முடியவில்லை, இரண்டு இடங்களில் குரல் மட்டும் கேட்டது, கடைசி நாளில் எடுத்த ஒரு படத்தில் வால் நுனி கறுத்த ஒரு பழுப்புப் பறவை முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறது, அது பெண் தீக்காக்கையா என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. ஒன்று அந்தப் படத்தைப் பற்றியது. இன்னொன்றை நீங்கள் நேராகக் கேட்கவில்லை என்றாலும் வரிகளுக்கிடையே தெரிகிறது: குரல் கேட்கும் தூரத்தில் இருந்த பறவை ஏன் கண்ணில் படவில்லை? இரண்டாவதற்கு விடை கிடைத்தால் முதலாவதும் பாதி தீர்ந்துவிடும். ஏனென்றால் இந்தப் பறவை மனிதருக்குக் காட்டுவது பெரும்பாலும் அதன் முதுகைத்தான்.

முதலில் சந்தேகத்துக்கு இடமில்லாதவற்றைச் சொல்லிவிடுகிறேன். பெயரில் காக்கை இருந்தாலும் தீக்காக்கை காக்கை இனம் அன்று, டிரோகன் என்ற குடும்பம். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த பறவை இது ஒன்றே. அறிவியல் பெயர் ஹார்பாக்டெஸ் ஃபாசியேட்டஸ். இந்தியாவில் இதன் உறவினர்கள் இன்னும் இரண்டு இருக்கின்றன, ஆனால் அவை இமயமலை அடிவாரத்திலும் வடகிழக்கிலும் வாழ்பவை. எனவே ஆனைமலையிலோ களக்காட்டிலோ தட்டேக்காட்டிலோ சிங்கராஜக் காட்டிலோ பார்த்தது இந்தக் குடும்பம்தான் என்று உறுதியானால் இனமும் உறுதியாகிவிடும். காட்டுப் பறவைகளில் இப்படி ஒரு வசதி அரிது. கதிர்க்குருவிகளோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

அளவு, வாலோடு சேர்த்து சுமார் 31 சென்டிமீட்டர். உடம்பு மைனா அளவுதான். நீளத்தில் ஏறக்குறைய பாதியை வால் எடுத்துக்கொள்கிறது. ஆணுக்குத் தலையும் கழுத்தும் மார்பும் கரி படிந்தாற்போல் கறுப்பு, அதன் கீழே மாலை போட்டதுபோல் ஒரு வெள்ளைப் பட்டை, பட்டைக்குக் கீழே வயிறு முழுக்க ரோஜாச் சிவப்பு. கண்ணைச் சுற்றி நீலத் தோல், அலகும் நீலம். அலகு குட்டை, அகலமானது. அதன் அடியில் விறைத்த மீசைமுடிகள் உண்டு. பெண்ணுக்கு முன்பக்கத்தில் கறுப்பும் இல்லை, சிவப்பும் இல்லை. தலையும் மார்பும் பழுப்பு, வயிறு காவி கலந்த மஞ்சள், வெள்ளை மாலை கிடையாது. முன்பக்கம் தெரிந்துவிட்டால் குழப்பமே இல்லை. குழப்பமெல்லாம் முன்பக்கம் தெரியாதபோதுதான் வருகிறது.

பின்பக்கம் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே மாதிரியான மஞ்சள் கலந்த பழுப்பு. வாலின் நடு இறகுகள் இரண்டிலும் செம்பழுப்பாக இருந்து நுனியில் கறுப்பாக முடியும். ஓரத்து இறகுகளில் கறுப்பும் வெள்ளையும் இருக்கும். உட்கார்ந்திருக்கும்போது முதுகுப்புறமாகப் பார்த்தால் அந்த வெள்ளை அதிகம் தெரியாது, கீழிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும், பறக்கும்போது பளிச்சென்று விரியும். ஆண் பெண்ணைப் பின்னாலிருந்து பிரித்துக் காட்டும் இடங்கள் இரண்டு. ஒன்று தலை. பறவை கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பியிருந்தாலும் ஆணின் கறுப்புக்கும் முதுகின் பழுப்புக்கும் இடையே எல்லை தெரியும். மற்றது மடித்த சிறகின் மேல்பகுதி. அங்கே ஆணுக்குக் கறுப்பின் மேல் மெல்லிய வெள்ளைக் கோடுகள் நெருக்கமாக ஓடும், தூரத்தில் சாம்பல் பூசியதுபோல் தோன்றும். பெண்ணுக்கு அதே கறுப்பின் மேல் ஓடும் கோடுகள் பழுப்பு நிறம், அதனால் முதுகோடு கலந்துவிடும். இதில் ஒரு சிக்கல் உண்டு. இளம் பறவைகள் பெண்ணைப்போலவே இருக்கும், இளம் ஆணுக்கு நிறம் மெல்ல மெல்லத்தான் ஏறும். பழுப்பு வயிற்றில் அங்கங்கே சிவப்புத் திட்டுகளோடு ஒரு பறவை தெரிந்தால் அது புதிய இனமும் அன்று, கலப்பினமும் அன்று, ஆணாகிக்கொண்டிருக்கும் குஞ்சு.

இனி எதையெல்லாம் தீக்காக்கை என்று தவறாக எண்ணிவிட முடியும் என்று பார்ப்போம். முதலாவது வால்காக்கை. பெயரும் ஒத்துப்போகிறது, பழுப்பு முதுகும் நுனி கறுத்த நீண்ட வாலும் ஒத்துப்போகின்றன. ஆனால் வால்காக்கையின் வால் படிப்படியாகக் குறுகி நடுவில் நீளும், நடு இறகுகள் சாம்பல் நிறம், சிறகில் வெளிறிய பெரிய திட்டு இருக்கும், அலகு காக்கை அலகு. தீக்காக்கையின் வால் கீழே கத்தியால் வெட்டியதுபோல் நேராக முடியும். இரண்டாவது தவளைவாயன். அதே ஈரக் காட்டில், அதே உயரத்தில், அதே அசையாத தவம். ஆனால் அதற்குத் தலை பெரிது, வாய் மிக அகலம், உடம்பெல்லாம் காய்ந்த இலைபோல் புள்ளியும் கறையும், பகலில் பெரும்பாலும் கண்ணை மூடிக்கொண்டிருக்கும். மூன்றாவது குயில் வகைகள். அவை கிளையில் படுக்கை வசமாகச் சாய்ந்து உட்காரும், வால் நுனி உருண்டிருக்கும். ஆணின் சிவப்பை மட்டும் ஒரு நொடி பார்த்தவர்கள் மின்சிட்டோடு குழம்புவதும் உண்டு. மின்சிட்டு மர உச்சியில் ஒரு கணம் ஓயாது துள்ளும் சிறு பறவை என்பதை நினைவில் வைத்தால் போதும்.

ஆக, உருவம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இப்படிச் சொல்வேன்: கிடைமட்டமான கிளையிலோ தொங்கும் கொடியிலோ வளைந்த மூங்கிலிலோ நெட்டுக்குத்தாக உட்கார்ந்திருக்கும், கழுத்தே இல்லாததுபோல் தலையை உள்ளிழுத்திருக்கும், வால் தூக்குக்குண்டு நூல்போல் நேராகக் கீழே தொங்கும், நுனி சதுரம். இந்த உருவத்தைக் காட்டுக்குப் போவதற்கு முன் பத்து முறை வரைந்து பாருங்கள். ஓவியம் வரவேண்டிய அவசியமில்லை. கண்ணுக்கு அந்தக் கோடு பழகினால் போதும்.

இப்போது அந்தக் கேட்காத கேள்விக்கு வருகிறேன். பெரும்பாலானவர்கள் சிவப்பைத் தேடிக்கொண்டு காட்டுக்குள் போகிறார்கள். படங்களில் பார்த்ததெல்லாம் அந்தச் சிவப்புதானே. ஆனால் அடர்ந்த காட்டின் தரைமட்டத்துக்கு வந்து சேரும் வெளிச்சம் மிகக் குறைவு. மங்கிய ஒளியில் மனிதக் கண்ணுக்கு முதலில் கறுத்துப்போவது சிவப்புதான். பச்சையும் நீலமும் இன்னும் தெரிந்துகொண்டிருக்கும்போதே சிவப்பு நிழலோடு நிழலாகிவிடும். போதாததற்கு, ஆபத்து என்று தோன்றினால் தீக்காக்கை பறந்து ஓடுவதைவிட முதலில் செய்வது மெதுவாகத் திரும்பி முதுகைக் காட்டுவது. சருகு நிற முதுகு, அசைவில்லை, சத்தமில்லை. நீங்கள் பேசிக்கொண்டே வந்த பாதையில் இருபது அடிக்கு அப்பால் அது உங்களைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கக்கூடும். தகுந்த காட்டில் இது அரிய பறவை அன்று. பார்ப்பது மட்டுமே அரிது.

அது ஏன் இவ்வளவு நேரம் அசையாமல் இருக்கிறது என்பதற்கும் காரணம் உண்டு. இதன் உணவு பெரும்பாலும் பூச்சி: கம்பளிப்பூச்சி, வண்டு, குச்சிப்பூச்சி, சிள்வண்டு. கிளையிலிருந்து தலையை மட்டும் திருப்பிச் சுற்றுமுற்றும் இலைகளைப் பார்த்துக்கொண்டிருந்து, இரை கண்ணில் பட்டதும் பாய்ந்து, இலைக்கு முன் சிறகடித்து நின்றபடியே கொத்திக்கொண்டு திரும்பும். கால்கள் இதற்கேற்ப நடக்கவே லாயக்கில்லாத அளவுக்குச் சிறியவை. முதல் இரண்டு விரல்களும் பின்னோக்கி, மற்ற இரண்டும் முன்னோக்கி இருக்கும். மரங்கொத்திக்கும் கிளிக்கும் இரண்டு விரல் பின்னால்தான், ஆனால் அவற்றில் பின்னால் போவது முதலாவதும் நான்காவதும். தீக்காக்கைக் குடும்பத்தின் இந்த அமைப்பு வேறெந்தப் பறவைக் குடும்பத்திலும் இல்லை. காட்டில் இதைப் பார்க்கவா முடியும் என்பீர்கள். முடியாது. ஆனால் இது ஏன் கிளையில் நகர்ந்து நகர்ந்து உட்காராது, இடம் மாற வேண்டுமானால் ஏன் பறந்தே ஆகவேண்டும் என்பது இதனால் விளங்கும். அந்தப் பறப்புதான் உங்களுக்குக் கிடைக்கும் வாய்ப்பு.

குரலைப் பற்றி. ஆணின் அழைப்பு மென்மையான, சற்றுக் கரகரத்த 'க்யூ… க்யூ… க்யூ…' என்று ஒரே சீராக வரும் ஒரு சரம். சில சுரங்களோடு முடிந்து, இடைவெளி விட்டு மறுபடி தொடங்கும். இன்னொன்று, கலவரப்பட்டால் எழுப்பும் தாழ்ந்த 'க்ர்ர்ர்' என்ற உறுமல். அதோடு வாலை மெல்ல மேலே தூக்கி இறக்கும். இந்த உறுமலை அணில் என்று நினைத்துக் கடந்துபோவோர் நிறைய. இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். அதே காட்டில் துடுப்புவால் கரிச்சான் இருக்கிறது, அது பிற பறவைகளின் குரலை அச்சாக எடுத்துப் பாடும். கைபேசியில் குரலை வைத்துப் பறவையை அடையாளம் காட்டும் மெர்லின் போன்ற செயலி 'தீக்காக்கை' என்று காட்டினால் அதைத் தேடுவதற்கான குறிப்பாக வைத்துக்கொள்ளுங்கள், சான்றாக அன்று. சீரான அழைப்பு ஒரே இடத்திலிருந்து ஐந்து நிமிடத்துக்கு மேல் திரும்பத் திரும்ப வந்து, நடுவே வேறு பறவையின் குரல் கலக்காமல் இருந்தால் கரிச்சானாக இருக்கும் வாய்ப்பு குறைகிறது. நீங்கள் கேட்ட இரண்டு குரல்களையும் 'கேட்டது மட்டும்' என்று பதிவிடுங்கள்.

குரல் வந்த இடத்தைக் கண்டுபிடிப்பதில்தான் பெரும்பாலும் காரியம் கெடுகிறது. குரல் கேட்டதும் அந்தத் திசையில் நேராக நடந்துவிடுகிறோம். அந்தத் தாழ்ந்த குரல் இருப்பதைவிடத் தொலைவில் இருப்பதாகத் தோன்றும், பறவை தலையைத் திருப்பினால் திசையும் மாறிவிட்டதாகத் தோன்றும். அதனால் நின்ற இடத்திலேயே நில்லுங்கள். இரண்டு மூன்று சரங்களைக் கேட்டு, குரல் வரும் கோட்டில் ஒரு மரத்தை அடையாளம் வையுங்கள். பிறகு பாதையிலேயே பக்கவாட்டில் பத்துப் பதினைந்து அடி நகர்ந்து, மறுபடி கேட்டு, இன்னொரு கோடு போடுங்கள். இரண்டு கோடுகளும் வெட்டும் இடத்தைச் சுற்றியே தேட வேண்டும். பெரும்பாலும் நீங்கள் நினைத்ததைவிட அருகில்தான் இருக்கும். உயரத்தில் முதலில் பார்க்க வேண்டியது கண்மட்டத்துக்குச் சற்று மேலிருந்து நடு அடுக்கு வரை, அதாவது மூன்று முதல் பத்து மீட்டர். உச்சி இலைக்கூட்டத்தை அண்ணாந்து பார்ப்பது கழுத்துவலிக்கே வழி.

தேடும்போது இலைகளைப் பார்க்காமல் இலைகளுக்கு நடுவே உள்ள வெற்றிடங்களைப் பாருங்கள். பாய்ந்து பூச்சி பிடிக்கும் பறவைக்குப் பறக்க இடம் வேண்டும். எனவே அது பெரிய மரங்களுக்குக் கீழே ஓரளவு திறந்திருக்கும் இடத்தின் ஓரத்திலும், ஓடைக்கு மேலும், பாதையை ஒட்டிய கொடிகளிலும்தான் விரும்பி உட்காரும். முதலில் வெறும் கண்ணால், இடமிருந்து வலமாக, நெட்டுக்குத்தான கோடு எங்காவது கிளைக்குக் கீழே தொங்குகிறதா என்று ஒரு சுற்று. சந்தேகமான ஒவ்வொரு 'குச்சி'யையும் பிறகு பைனாகுலரில் ஒரு சுற்று. இப்படி ஒரே இடத்தில் பதினைந்து இருபது நிமிடம் நிற்பது, நான்கு கிலோமீட்டர் நடப்பதைவிடப் பலன் தரும். பறவை இடம் மாறினால் பின்னால் ஓடாதீர்கள். பெரும்பாலும் சிறிது தூரமே பறந்து மறுபடி உட்காரும். வாலோரத்து வெள்ளை கடைசியாக எங்கே மின்னி அணைந்தது என்பதை மட்டும் பிடித்துவையுங்கள். நெருங்க வேண்டுமானால் சாய்வாக, வேறெங்கோ போவதுபோல், இரண்டடி வைத்து நின்று. வயிற்றைக் காட்டிக்கொண்டிருந்த பறவை முதுகைத் திருப்பினால் நீங்கள் அளவுக்கு மேல் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். அதே இடத்தில் நில்லுங்கள். விரலை நீட்டிக் காட்டுவதைத் தவிருங்கள், கூட வந்தவருக்கு 'அந்தப் பிளந்த மரத்துக்கு வலப்பக்கம், இரண்டாவது கிளை' என்று மெல்லச் சொன்னால் போதும்.

குரலே கேட்காத நாளில் கலப்புக் கூட்டங்களை நம்பலாம். காலை வெயில் கொஞ்சம் ஏறியதும் மின்சிட்டு, மரங்கொத்தி, சிலம்பன், கரிச்சான் எல்லாம் சேர்ந்து இரைந்துகொண்டே ஒரு அலைபோல் காட்டைக் கடக்கும். அவை கிளப்பிவிடும் பூச்சிகளுக்காகத் தீக்காக்கையும் அந்தக் கூட்டத்தோடு சேர்ந்து வரும். ஆனால் ஆரவாரத்துக்கு நடுவில் இருக்காது. நடு அடுக்கில், ஓரமாக, சில சமயம் கூட்டத்தின் கடைசியில் வரும். எல்லோரும் மேலே மின்சிட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் கீழே பாருங்கள். கூட்டம் கடந்துபோன பிறகும் மூன்று நான்கு நிமிடம் அங்கேயே இருங்கள்.

கருவி விஷயத்தில் சுருக்கமாகவே சொல்கிறேன். 8x42 பைனாகுலர் இதற்கு மிகப் பொருத்தம். 42ஐ 8ஆல் வகுத்தால் 5.25. அதாவது கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் ஐந்து மில்லிமீட்டருக்கு மேல். சட்டைப்பையில் போடும் 10x25 கருவியில் அது 2.5 மட்டுமே, நிழற்காட்டில் படம் இருண்டுவிடும், கைநடுக்கமும் பெரிதாகத் தெரியும். பறவையிலிருந்து கண்ணை எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்கு உயர்த்தப் பழகுங்கள். குனிந்து கருவியைப் பார்த்து எடுத்து மீண்டும் நிமிர்வதற்குள் இடம் தவறிவிடும். கேமராவில் ஐ.எஸ்.ஓ. 3200க்குப் போகத் தயங்காதீர்கள். உட்கார்ந்த பறவைக்கு, நடுக்கக் கட்டுப்பாடு உள்ள லென்ஸ் என்றால், நொடியில் 1/125 கூடப் போதும். ஃபிளாஷ் வேண்டாம்.

எங்கே, எப்போது என்பதற்கு: ஈரமான பசுமைமாறாக் காடும் அதை ஒட்டிய ஈர இலையுதிர்காடும் மூங்கில் கலந்த சரிவும், பெரும்பாலும் 1,500 மீட்டருக்குக் கீழே. உச்சிமலைச் சோலைகளில் தேடி நாளை வீணாக்க வேண்டாம். டாப்ஸ்லிப், பரம்பிக்குளம், தட்டேக்காடு ஆகியவை நல்ல இடங்கள். காப்பகங்களில் வனத்துறை அனுமதியும் உள்ளூர் வழிகாட்டியும் இல்லாமல் நடக்கக் கூடாது. சட்டம் ஒருபுறம், அதே பாதையில் யானை வரும் என்பது மறுபுறம். அசையாமல் நிற்கும் வேலை என்பதால் ஈரமான மாதங்களில் அட்டைகள் உங்களைத் தேடி வரும், முழங்கால் வரை ஏறும் அட்டை உறை போட்டுக்கொள்ளுங்கள். குரல் அதிகம் கேட்பது இனப்பெருக்கக் காலத்தை ஒட்டி, மழைக்கு முந்தைய பிப்ரவரி முதல் மே வரை.

அந்த மாதங்களைச் சொன்னதால் இதையும் சொல்லியாக வேண்டும். பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டு இதை வரவழைக்காதீர்கள். தீக்காக்கை உளுத்துப்போன பட்டமரத்தில் அலகாலேயே குடைந்து கூடு அமைக்கிறது, அதற்கே ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். இடுவது வழக்கமாக இரண்டே முட்டை, அடைகாப்பது இரண்டும் மாறி மாறி. ஒலியைக் கேட்டு எதிரி வந்ததாக எண்ணி ஆண் அலைக்கழியும் ஒவ்வொரு நிமிடமும் அந்தக் கூட்டிலிருந்து கழிகிறது. பட்டமரத்தின் துளையிலிருந்து இது வெளியேறுவதைப் பார்த்தால் படம்கூட எடுக்காமல் விலகுங்கள், இடத்தைப் பொதுவில் எழுதவும் வேண்டாம். மக்கிய கட்டை கைபட்டாலே நொறுங்கும் தன்மையுடையது. காட்டில் பட்டமரங்களை 'சுத்தம்' செய்வது இந்தப் பறவைக்கு நேரடியான இழப்பு என்பதை வாய்ப்புள்ள இடங்களிலெல்லாம் சொல்லுங்கள்.

கடைசியாக உங்கள் படம். நீங்கள் விவரித்தபடி வால் நுனி கறுப்பு, நெட்டுக்குத்தான இருப்பு, பழுப்பு முதுகு. வாலின் அடிவிளிம்பைப் பெரிதாக்கிப் பாருங்கள். அது சதுரமாக முடிந்து, வாலின் நடு செம்பழுப்பாக இருந்தால் தீக்காக்கை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. விளிம்பு படிப்படியாகக் கூர்ந்து வால் சாம்பலாக இருந்தால் வால்காக்கை. பெண்ணா என்பது வேறு கேள்வி, முதுகின் பழுப்பு அதற்குச் சாட்சி ஆகாது. மடித்த சிறகின் மேற்பகுதியில் வெளிச்சத்தை மட்டும் கூட்டிப் பாருங்கள். கோடுகள் வெள்ளையாகவோ சாம்பலாகவோ தெரிந்தால் ஆண். பழுப்பாகத் தெரிந்தால் பெண்ணாகவும் இருக்கலாம், அந்த ஆண்டின் குஞ்சாகவும் இருக்கலாம். இலை மறைத்து எதுவும் தெரியவில்லை என்றால் குறிப்பேட்டில் 'தீக்காக்கை, ஒன்று' என்று எழுதி, பால் என்ற கட்டத்தைக் காலியாக விட்டுவிடுங்கள்.